கன்வர்ட்டர் மாறினால் காரின் குரல் ஏன் மாறுகிறது?

பழுதான கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் வாங்கிய வேறொன்றைப் பொருத்திக் காரை இயக்கியதுமே, அதன் ஒலி முன்போல் இல்லை என்பதைப் பலர் உணர்கிறார்கள். சிலருக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது. வேறு சிலருக்கு, மட்டமான பாகத்தை வாங்கிவிட்டோமோ என்ற கவலை வருகிறது. கன்வர்ட்டரும் ஒரு வகைச் சைலன்சர்தான், அதன் தரம் குறைந்தால் சத்தம் கூடும் என்ற எண்ணம் இரு தரப்பினரிடமும் இருக்கிறது. நச்சுவாயுக்களை மாற்றுவதற்காக உருவான கன்வர்ட்டர் ஒலியையும் ஓரளவு தணிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது சத்தத்தின் அளவைக் காட்டிலும் சத்தத்தின் தன்மையைத்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே கன்வர்ட்டரை மாற்றிய பிறகு கார் இலேசாகக் கரகரத்தால் அதற்கு இயற்பியலில் விளக்கம் உண்டு; கார் திடீரென்று அதிரத் தொடங்கினால், அதன் காரணத்தைக் கன்வர்ட்டரின் வடிவமைப்பில் தேடுவதைவிட அதைப் பொருத்திய விதத்தில் தேடுவதே பெரும்பாலும் பலன் தரும்.

எக்ஸாஸ்ட் ஒலி பிறக்கும் இடம் எஞ்சினின் வெளியேற்று வால்வு. சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போலச் சில மடங்காக இருக்கும்போதே அந்த வால்வு திறந்துவிடுகிறது. அடைபட்டுக் கிடந்த வாயு ஒரே வீச்சில் குழாய்க்குள் பாய்ந்து, அழுத்தத் துடிப்பு ஒன்றை முன்னால் அனுப்புகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இப்படித் துடிக்கும். எனவே நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 துடிப்புகள் உண்டாகின்றன. அதுவே 100 ஹெர்ட்ஸ் என்னும் அடிப்படைச் சுருதி. அதே வேகத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 150 ஹெர்ட்ஸ், எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு 200 ஹெர்ட்ஸ். ஆனால் துடிப்பு ஒவ்வொன்றும் செங்குத்தாக ஏறி இறங்கும் கூர்மையான ஒன்று என்பதால், அடிப்படைச் சுருதியோடு அதன் மடங்குகளான 200, 300, 400 ஹெர்ட்ஸ் எனத் தொடங்கிச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான மேலொலிகளும் சேர்ந்தே புறப்படுகின்றன. ஒரே சுருதியில் ஒலிக்கும் நாதஸ்வரத்தையும் புல்லாங்குழலையும் கண்ணை மூடிக்கொண்டே நாம் பிரித்தறிவது எப்படியோ, அப்படித்தான் ஒரு காரின் குரலையும் அடையாளம் காண்கிறோம்: அடிப்படைச் சுருதியின்மீது மேலொலிகள் எந்த விகிதத்தில் படிந்திருக்கின்றன என்பதைக் கொண்டு.

இந்த ஒலி பயணம் செய்வது சாதாரணக் காற்றில் அல்ல. 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டராக உள்ள ஒலியின் வேகம், 600 டிகிரி வெப்பமுள்ள எக்ஸாஸ்ட் வாயுவில் ஏறக்குறைய 590 மீட்டராகிவிடுகிறது. அந்த வாயுவில் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் ஆறு மீட்டர். பெரும்பாலான கார்களின் முழு நீளமே அவ்வளவு இல்லை. 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ சுமார் 30 சென்டிமீட்டர்தான். கன்வர்ட்டருக்குள் இருக்கும், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளமே உள்ள தேன்கூட்டுக் கட்டி, ஆறு மீட்டர் அலைக்கு வழியில் கிடக்கும் ஒரு சிறு தடை. 30 சென்டிமீட்டர் அலைக்கோ கடந்தாக வேண்டிய நெடும்பாதை. கன்வர்ட்டர் எந்த ஒலியைத் தொடும், எதைத் தொடாது என்பதற்கான அடிப்படை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கன்வர்ட்டரின் உட்புறம் ஒரு தேன்கூடு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களோடு கன்வர்ட்டர்கள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தன; கார்டியரைட் என்னும் பீங்கான் வகையில் செய்த தேன்கூட்டுக் கட்டியே காலப்போக்கில் பெருவழக்காகிவிட்டது. சதுர அங்குலத்துக்கு 400 கண்ணறைகள் என்பது அதில் நெடுங்காலமாக நிலைத்த அளவு. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு கண்ணறையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 1.27 மில்லிமீட்டர், வழக்கமான 0.165 மில்லிமீட்டர் சுவரைக் கழித்தால் வாயு செல்லும் வழியின் அகலம் சுமார் 1.1 மில்லிமீட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றைத் தாங்கும் பூச்சு அந்த அகலத்தில் இன்னும் சிறிது எடுத்துக்கொள்ளும். எஞ்சினின் மொத்த மூச்சும் குண்டூசித் தலையளவே அகலமுள்ள ஆயிரக்கணக்கான குழல்களாகப் பிரிந்துதான் வெளியே வருகிறது.

ஒலியைக் கன்வர்ட்டர் விழுங்குவது இந்தக் குழல்களில்தான். ஒலி அலை என்பது வாயுத் துகள்களின் முன்பின் அசைவு. சுவரை ஒட்டியுள்ள துகள்களால் அசைய முடியாது; சற்றுத் தள்ளியுள்ளவை ஓரளவு அசையும்; போதிய தூரத்தில் உள்ளவை தடையின்றி அசையும். இடைப்பட்ட அந்த மெல்லிய அடுக்கில் பாகுத்தன்மையால் உராய்வு ஏற்பட்டு, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிறது. சுவரோடு நடக்கும் வெப்பப் பரிமாற்றமும் தன் பங்குக்கு ஆற்றலைக் குறைக்கிறது. குழாய்களில் ஒலி இவ்வாறு தேய்வதைக் கிர்க்காஃப் 1868இலேயே கணித வடிவில் விளக்கிவிட்டார். மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே அதன் ஒலியைப் பற்றிய ஒரு பகுதி எழுதப்பட்டுவிட்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. 600 டிகிரி வாயுவில் இந்த உராய்வு அடுக்கின் தடிமன் 100 ஹெர்ட்ஸில் சுமார் அரை மில்லிமீட்டர். 1.1 மில்லிமீட்டர் அகலமுள்ள குழலில் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் என்றால், தடையின்றி அசையும் வாயு என்று அங்கே ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது. அதிர்வெண் கூடக்கூட அடுக்கு மெலிந்தாலும், அந்த அலைநீளங்களுக்குக் கட்டியின் நீளம் பெரிதாகிவிடுவதால், அலை குழலைக் கடந்து முடிப்பதற்குள் மொத்த இழப்பு கூடுகிறது. தாழ்ந்த ஒலி சிறிது களைத்து வெளியேறுகிறது. உயர்ந்த ஒலி அதைவிடக் கூடுதலாகத் தேய்கிறது.

வெப்பநிலைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. 20 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குப் போகும்போது வாயுவின் பாகுத்தன்மை இரு மடங்குக்கும் மேலாகிறது. அடர்த்தியோ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே குளிர்ந்த கன்வர்ட்டரைவிடச் சூடேறிய கன்வர்ட்டர் ஒலியை நன்றாக அடக்கும். காலையில் இயக்கிய முதல் நிமிடத்தில் கார் முரட்டுத்தனமாக ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். கன்வர்ட்டரை விரைவில் சூடாக்குவதற்காக அந்த நேரத்தில் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி ஐட்லிங் வேகத்தையும் உயர்த்துவது இன்னொரு காரணம். புதிய கன்வர்ட்டரின் ஒலியை இந்த முதல் நிமிடத்தை வைத்து எடைபோடுவது அதற்குச் செய்யும் அநீதி.

தேன்கூட்டைத் தவிர, கன்வர்ட்டரின் வெளிக்கூடும் ஒலியைப் பாதிக்கிறது. குழாய் திடீரென அகன்று மறுபடி குறுகும் இடத்தில் ஒலியின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். 60 மில்லிமீட்டர் குழாய் 120 மில்லிமீட்டர் கூட்டுக்குள் நுழைந்தால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது; உள்ளே கட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த அகற்சி மட்டுமே தனக்கு ஏற்ற அதிர்வெண்ணில் ஆறு டெசிபெலுக்குச் சற்று மேல் குறைத்துவிடும். கூடு 30 சென்டிமீட்டர் நீளமானால் அந்த அதிர்வெண் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ். அதற்குப் பதில் 100 மில்லிமீட்டர் விட்டமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள சிறிய கூட்டைப் பொருத்தினால், குறைப்பு நான்கு டெசிபெலாகச் சுருங்கி, அதன் உச்சம் 740 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடுகிறது. உருவத்தில் சிறியதான வெளிச்சந்தைக் கன்வர்ட்டர், தேன்கூடு ஒரே அடர்த்தியாக இருந்தால்கூட, வேறு குரலில் பேசுவதற்கு இதுவே போதுமானது.

வெளிச்சந்தைக் கன்வர்ட்டர்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. செலவைக் குறைக்க விரும்புபவருக்கான மாற்றுப் பாகங்களில் பெரும்பாலும் பீங்கான் கட்டிதான் இருக்கும். கட்டியின் பருமனும் அதிலுள்ள விலையுயர்ந்த உலோகத்தின் அளவும் குறைந்திருக்கும். வேகமும் ஒலியும் விரும்புபவருக்கான ‘ஸ்போர்ட்’ வகையில் பீங்கானுக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டிச் செய்த கட்டியும், சதுர அங்குலத்துக்கு 200 அல்லது 100 கண்ணறைகளும் காணப்படும். தகட்டின் தடிமன் 0.05 மில்லிமீட்டர் என்று கொண்டால், 200 கண்ணறைக் கட்டியின் வழி அகலம் சுமார் 1.75 மில்லிமீட்டர். மேலோட்டமாகப் பார்த்தால் 1.1க்கும் 1.75க்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நுண்குழலின் தடை, அகலத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. மெல்லிய தகட்டால் திறந்த பரப்பும் முக்கால் பங்கிலிருந்து பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உயர்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே நீளத்தில் 200 கண்ணறைக் கட்டியின் தடை 400 கண்ணறைக் கட்டியின் தடையில் மூன்றில் ஒரு பங்குதான். இப்போதைய பல கார்களில் எஞ்சினை ஒட்டி 600 அல்லது 900 கண்ணறைக் கட்டிகள் வருகின்றன; அவற்றை எடுத்துவிட்டு 200ஐ வைப்பவர் இன்னும் பெரிய தாவலைச் செய்கிறார்.

இவ்வளவு பெரிய மாற்றம் காதுக்கு எவ்வளவாகத் தெரியும்? டெசிபெல் மீட்டரில் பார்த்தால் ஏமாற்றமாகவே இருக்கும். மேலே சொன்ன அளவுகளில் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள பீங்கான் கட்டியின் உராய்வுத் தடை மட்டும் தாழ்ந்த அதிர்வெண்ணில் குறைப்பது இரண்டு டெசிபெலுக்குச் சற்று மேல். உலோகக் கட்டி குறைப்பது ஒரு டெசிபெலுக்கும் குறைவு. ஒலி இரு மடங்காக உணரப்பட ஏறத்தாழ பத்து டெசிபெல் வேண்டும் என்பதை நினைவில் கொண்டால், இது அற்பமான வேறுபாடு. ஆனால் மேலொலிகளில் வேறுபாடு இதைவிடப் பெரியது. நம் காது கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியைத்தான். மனிதச் செவி 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கு மிகுந்த உணர்வு காட்டும்; 100 ஹெர்ட்ஸ் ஒலியை, 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட, ஏறக்குறைய 19 டெசிபெல் தாழ்த்தியே அளவீட்டுத் தரங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மொத்த ஆற்றலில் சிறு பங்கே உள்ள மேலொலிகள் சற்றே கூடினாலும், துணிபோட்டு மூடிய வாயைத் திறந்துவிட்டதுபோல் ஒலி வெளிச்சமாகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘தகர சத்தம்’ என்றும் ‘கரகரப்பு’ என்றும் சொல்கிறார்கள். நடுத்தர வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இது மிகத் தெளிவாகக் கேட்கும். துடிப்புகள் கூர்மையாக இருக்கும் நேரம் அதுதான்.

இதன் மறுபக்கம், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது காருக்குள் தலையை அழுத்துவதுபோல் கேட்கும் ஆழ்ந்த ரீங்காரம். நான்கு சிலிண்டர் எஞ்சின் 2000 முதல் 2500 சுற்றில் ஓடும்போது அதன் சுருதி 67 முதல் 83 ஹெர்ட்ஸ்; அவ்வளவு நீண்ட அலையைக் கன்வர்ட்டரால் அதிகம் அசைக்க இயலாது. அதை முடிவு செய்பவை பின்னாலுள்ள சைலன்சரின் கொள்ளளவு, இடையிலுள்ள ரெசனேட்டர் (குறிப்பிட்ட சில ஒலிகளைத் தணிக்கும் சிறு அறை), குழாயின் நீளம், காரின் அறை ஆகியவையே. கன்வர்ட்டரை மட்டும் மாற்றிய பிறகு ரீங்காரம் புதிதாகத் தொடங்கியிருந்தால், குழாயின் விட்டம் மாறியதா, ரெசனேட்டர் எடுக்கப்பட்டதா, குழாய் எங்காவது உடலைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அதிகம் கவனிக்கப்படாதது: இரப்பர்த் தாங்கிகளில் தொங்க வேண்டிய குழாய் சற்றே விலகிப் பொருத்தப்பட்டு அடித்தகட்டைத் தொட்டால், காரின் தளமே ஒலிபெருக்கியாகிவிடும்.

கன்வர்ட்டர் இருக்கும் இடத்தைப் பொறுத்தும் விளைவு மாறும். டர்போ பொருத்திய எஞ்சினில் டர்பைன் சக்கரம் துடிப்புகளை முன்பே மழுக்கிவிடுவதால், கன்வர்ட்டருக்கு வந்துசேரும் கரகரப்பு குறைவு. அங்கே அடர்த்தி குறைந்த கட்டியை வைத்தால் பாயும் வாயுவின் சீறலும் டர்போவின் விசிலும்தான் முதலில் வெளிப்படும். சாதாரண எஞ்சினில், சிலிண்டர்களின் வாயுவை ஒன்றுசேர்க்கும் குழாயான மேனிஃபோல்டை ஒட்டியுள்ள கன்வர்ட்டரை மாற்றுவதன் விளைவு, கீழே தள்ளியிருக்கும் இரண்டாவது கன்வர்ட்டரை மாற்றுவதைவிடத் தெளிவாகக் கேட்கும்.

ஒலி மாறிவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். கன்வர்ட்டர் பெரும்பாலும் மாற்றப்படுவது அது கெட்டுப்போன பிறகே. எண்ணெய்ச் சாம்பல் படிந்தோ, எரியாத எரிபொருளின் சூட்டில் உருகியோ பாதி அடைபட்ட கட்டி, நல்ல கட்டியைவிட ஒலியை அதிகமாக அடக்கும். அது மெதுவாக நேர்வதால், கார் ஊமையாகிக்கொண்டிருப்பதை உரிமையாளர் உணர்வதில்லை. புதியது வந்ததும் கேட்கும் தெளிவில் ஒரு பங்கு, அந்தக் கார் புதிதாக இருந்தபோது பேசிய குரலே திரும்பி வந்ததுதான். இதை மறந்துவிட்டுப் புதிய பாகத்தைக் குறை சொல்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உண்மையான குறைகளும் உண்டு. அவற்றின் ஒலிகள் மேலே சொன்ன கரகரப்பிலிருந்து வேறானவை. இணைப்பில் கசிவு இருந்தால், எஞ்சின் சுழற்சியோடு ஒத்து விரைந்து ஒலிக்கும் ‘டிக் டிக்’ என்ற தட்டல் கேட்கும். குளிர்ந்த நிலையில் பலமாகக் கேட்டு, உலோகம் சூடேறி விரிந்ததும் அது மறைந்துவிடக்கூடும் என்பதால், பட்டறைக்குக் கொண்டுபோகும்போது குறையே இல்லாததுபோலத் தோன்றும். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பொது வகைக் கன்வர்ட்டர்களை வெட்டி ஒட்டும்போது, வெல்டிங்கில் விடுபடும் நுண்துளைகளும் விளிம்பில் நேராக உட்காராத கேஸ்கெட்டும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள். இந்தக் கசிவு, வெளியேறும் வாயுவில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் விளைவு ஒலியோடு நிற்காது: அழுத்தத் துடிப்புகளுக்கு இடையே உண்டாகும் தாழ்வழுத்தத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரிபொருள் குறைவாக இருப்பதாகச் சென்சார் தவறாகச் சொல்ல, கணினி தேவையின்றி எரிபொருளைக் கூட்டும். அந்தக் கூடுதல் எரிபொருள் புதிய கன்வர்ட்டரைத்தான் முதலில் சுடும்.

குலுக்கினால் ‘கடகட’ என்று உருளும் சத்தம், உள்ளே பீங்கான் கட்டி நொறுங்கிவிட்டதைக் காட்டும். கட்டிக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள விரிபாய் சூட்டில் விரிந்து கட்டியை இறுகப் பிடித்திருக்க வேண்டும். அது தரக்குறைவாக இருந்தாலோ கட்டி அடிபட்டிருந்தாலோ பிடி தளர்ந்து, கட்டி கூட்டில் மோதியே உடையும். மெல்லிய தகட்டில் நடுங்குவதுபோன்ற சத்தம் பெரும்பாலும் வெளியே உள்ள வெப்பக் கவசத்தினுடையது. பயமுறுத்தினாலும் எளிதில் சரிசெய்யக்கூடியது. ஒலி எல்லா வேகத்திலும் ஒரேயடியாகக் கூடி, வெற்றுக்குழாயில் ஊதுவதுபோல் இருந்தால், கூட்டுக்குள் கட்டி இருக்கிறதா என்பதையே சோதிக்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லாத கூட்டைக் கன்வர்ட்டர் என்று பொருத்திவிடும் ஏமாற்று வேலையும் நடப்பதுண்டு.

ஒலிக்காகக் கண்ணறைகளைக் குறைப்பவர் எதைக் கொடுத்து எதை வாங்குகிறார் என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஒலியை உரசித் தேய்க்கும் அதே சுவர்ப்பரப்பில்தான் நச்சுவாயுக்களின் வேதிவினையும் நடக்கிறது. ஒரு லிட்டர் பருமனுள்ள 400 கண்ணறைப் பீங்கான் கட்டியில் சுமார் 2.7 சதுர மீட்டர் சுவர்ப்பரப்பு உண்டு. 200 கண்ணறை உலோகக் கட்டியில் அது சுமார் 2.2 ஆகவும், 100 கண்ணறையில் 1.5 ஆகவும் குறைகிறது. போதிய உலோகப் பூச்சும் நீளமும் கொடுத்து இதை ஓரளவு ஈடுசெய்யலாம். நல்ல தயாரிப்பாளர்கள் அதைச் செய்கிறார்கள். செய்யாதவற்றில் ஆக்ஸிஜனைச் சேமிக்கும் திறன் குறைந்து, கன்வர்ட்டருக்குப் பின்னாலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் முன்னாலுள்ளதைப் போலவே ஊசலாடத் தொடங்கும். கணினி அதைக் கண்டுபிடித்து, கன்வர்ட்டரின் திறன் போதவில்லை என்ற பி0420 என்னும் குறியீட்டோடு எச்சரிக்கை விளக்கை எரியவிடும். விளக்கை அணைக்கச் சென்சாரை ஏமாற்றும் வழிகளைத் தேடுபவர்கள், கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பிறர் சுவாசிக்கும் காற்றில்தான் கலக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த எஞ்சினின் குரலும் அந்த விலைக்குத் தகுதியானது என்று நான் கருதவில்லை.

சட்டங்களும் இந்தப் பாகங்களை ஒரே தட்டில் வைப்பதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986இல் வகுத்த கொள்கையின்படி, புதிய வெளிச்சந்தைக் கன்வர்ட்டர் ஹைட்ரோகார்பன்களையும் கார்பன் மோனாக்சைடையும் 70 சதவீதமும், நைட்ரஜன் ஆக்சைடுகளை 30 சதவீதமும், 25,000 மைல் தூரம் வரை குறைத்தால் போதும். அங்கே காரோடு வரும் அசல் கன்வர்ட்டருக்கோ 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் கட்டாயம். கலிஃபோர்னியா தனக்கென்று இதைவிடக் கடுமையான விதிகளை வைத்து, ஒப்புதல் எண் கேட்கிறது. மாற்றுக் கன்வர்ட்டர்களுக்கான ஐ.நா.வின் 103ஆம் விதிமுறை நச்சுவாயு அளவோடு ஒலியையும், வாயு வெளியேறுவதை எதிர்க்கும் பின்னழுத்தத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. ஒப்புதல் எண் பொறித்த கூட்டைத் தேடி வாங்குபவருக்கு, ஒலி அசலுக்கு நெருக்கமாக இருக்கும் வாய்ப்பும் கூடுதல்; கட்டியின் பருமனையும் அடர்த்தியையும் வெகுவாகக் குறைத்துவிட்டு அந்தச் சோதனைகளைத் தாண்டுவது கடினம்.

பொருத்திய பின் ஒலியைச் சரிபார்க்க, எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறையும் கேட்பது நல்லது. குளிர்ந்த நிலையில் இணைப்புகளின் பக்கம் காதைக் கொடுத்துத் தட்டலைத் தேட வேண்டும். துணியைப் பந்தாகச் சுருட்டிப் பின்குழாயின் வாயைச் சில நொடி பொத்தினால், உள்ளழுத்தம் ஏறிக் கசியும் இடம் சீறிக் காட்டிக்கொடுத்துவிடும். சூடேறிய நிலையில் கார் நின்றபடி வேகத்தைச் சீராக உயர்த்தி, கரகரப்பு மட்டுமே கூடியிருக்கிறதா, அடியொலியும் சேர்ந்து கூடியிருக்கிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். கரகரப்பு மட்டும் என்றால் அது தேன்கூட்டின் வேலை. உறுத்தினால் கன்வர்ட்டருக்குப் பின்னால் ஒரு ரெசனேட்டரைச் சேர்ப்பது அதைத் தணிக்கும். அடியொலியும் கூடியிருந்தால், காரை மறுபடி தூக்கி நிறுத்தி, இணைப்பு ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.